பதில் சொல்லும் எண்கள்

 

சென்ற ஆண்டு என் அறியாமையால் ஒரு மாணவனுக்கு நேர்ந்த இழப்பைச் சொல்லி இம்மாதக் கட்டுரையைத் தொடங்குகிறேன். பிறருக்குப் பயன்படும் எனில், தன் தவற்றைத் தானே எடுத்துரைப்பதில் ஆசிரியனுக்கு இழிவு ஒன்றும் இல்லை.

எங்கள் மதரஸாவில் மாலை வகுப்பில் ஓதிய பிள்ளை அவன். தந்தை உக்கடத்தில் பழைய இரும்புக் கடையொன்றில் கூலி வேலை செய்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, கல்லூரியில் சேர இடமும் கிடைத்திருந்தது. கட்டணத்திற்கு ஓர் உதவித்தொகையை நம்பியிருந்தார்கள். இணையத்தில் விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. தந்தையின் கைப்பேசியிலேயே படிவத்தை நிரப்பினான். சான்றிதழைப் படம் பிடித்து இணைத்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினான். வெள்ளைத் திரையில் ஓர் எண்ணும் அதனருகே சிறிய ஆங்கில வரியும் தோன்றின. அந்த எண் 413.

“ஹஜ்ரத், இதுக்கு என்னங்க அர்த்தம்?” என்று என்னிடம் கொண்டுவந்தான்.

நான் கலைக் கல்லூரியில் வரலாறு படித்தவன். கணினி எனக்கு அயல்நாடு. எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்: “சர்வர் பிஸியாக இருக்கும் தம்பி, நாளைக்குப் பார்.” மறுநாளும் அதே எண். அதற்கு மறுநாளும் அதே எண். மூன்றாம் நாள் நள்ளிரவில் தளம் விண்ணப்பங்களை மூடிவிட்டது. அந்த ஆண்டு அவன் கல்லூரிக்குச் செல்லவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குச் சென்றான்.

பின்னர் சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டபோது அந்த எண்ணைப் பற்றிக் கேட்டேன். அவர் தயங்கியபடி சொன்னார்: “ஹஜ்ரத், 413 என்றால் அனுப்பிய கோப்பு அளவுக்கு மீறிப் பெரியது என்று பொருள். ஒரு வாரம் காத்திருந்தாலும் மாறியிருக்காது. படத்தைச் சிறிதாக்கி அனுப்பியிருந்தால் அந்த நிமிடமே போயிருக்கும்.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சேவையகம் அவனுக்குப் பதில் சொல்லத்தான் செய்தது. மூன்று நாட்களும் ஒரே பதிலை மாற்றமின்றிச் சொன்னது. படிக்கத் தெரியாதவர்கள் நாங்கள்தாம்.

எண்ணே செய்தியான காலம்

எண்ணால் செய்தி சொல்லும் வழக்கம் நமக்குப் புதியதன்று. தந்தி இருந்த காலத்தை மூத்தோர் நினைவு கூரலாம். வாழ்த்துத் தந்தி அனுப்ப விரும்பினால் முழு வாசகத்தையும் எழுத வேண்டியதில்லை. தந்தி அலுவலகப் பட்டியலில் அதற்குரிய எண்ணைக் குறித்தால் போதும். 2 என்று குறித்தால் பெறுபவர் கையில் ‘ஈத் முபாரக்’ என்று சேரும். 8 என்று குறித்தால் மணமக்களுக்கு நீண்ட மகிழ்ச்சியான இல்வாழ்வு அமையட்டும் என்ற வாழ்த்துச் சேரும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தது. அதனுடன் அந்த எண்களும் மறைந்தன.

தபால்காரர் திருப்பிக் கொண்டுவரும் கடிதத்தையும் எண்ணிப் பாருங்கள். உறையின் மேல் ‘விலாசதாரர் இல்லை’ என்றோ, ‘வாங்க மறுத்தார்’ என்றோ, ‘கதவு பூட்டியிருந்தது’ என்றோ எழுதியிருக்கும். மூன்றிலும் கடிதம் போய்ச் சேரவில்லை. ஆயினும் மூன்றுக்கும் நாம் செய்ய வேண்டியவை வேறு வேறு. முதலாவதில் விலாசத்தைத் திருத்த வேண்டும். இரண்டாவதில் அவருடைய மனத்தாங்கலைத் தீர்க்க வேண்டும். மூன்றாவதில் இன்னொரு நாள் அனுப்பினால் போதும். கடிதம் திரும்பிவிட்டது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, காரணத்தைப் படிக்காமல் உறையைக் கிழித்தெறிபவரை என்னென்பது? இணையத்தில் நம்மில் பெரும்பாலோர் செய்துகொண்டிருப்பது அதுவே.

எண்கள் பிறந்த கதை

உலகளாவிய வலையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ் லீ எனும் ஆங்கிலேயர். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரருகே உள்ள செர்ன் அணு ஆய்வுக் கூடத்தில் 1989-ஆம் ஆண்டு இத்திட்டத்தை முன்வைத்தார். ஒரு கணினி கேட்பதும் மற்றொன்று கொடுப்பதுமான இந்த உரையாடலுக்கு அவர் வகுத்த நெறிமுறையே ஹெச்.டி.டி.பி. கேட்கும் கணினி அல்லது கைப்பேசியில் உள்ள உலாவியை வாடிக்கையாளர் என்றும், பக்கங்களை வைத்திருந்து வழங்கும் கணினியைச் சேவையகம் என்றும் சொல்வர்.

1991-இல் வழக்கிலிருந்த முதல் வடிவில் இந்த எண்கள் இல்லை. கேட்ட பக்கம் இருந்தால் பக்கம் வரும். இல்லையென்றால் இல்லை என்று எழுதிய ஒரு பக்கம் வரும். மனிதன் படித்தால் வேறுபாடு புரியும். இயந்திரத்திற்கு இரண்டும் ஒன்றே. வெற்றியையும் தோல்வியையும் பிரித்தறிய அதற்கு வழியில்லை. இக்குறையை நீக்கவே, 1992-இல் எழுதிய புதிய வரைவில், ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் மூன்று இலக்க எண் ஒன்று வரவேண்டும் என்று வகுத்தனர். இதுவும் அவர்கள் புதிதாகக் கண்டதன்று. மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையில் 1982-ஆம் ஆண்டிலேயே மூன்று இலக்கப் பதில் எண்கள் இருந்தன. 1996 மே மாதம் ஆர்.எஃப்.சி. 1945 எனும் ஆவணத்தில் வலையின் எண்கள் முறையாகப் பதிவாயின. இன்று நடப்பிலுள்ள விளக்கம் 2022 ஜூனில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9110 ஆகும்.

இடையில் ஒரு செய்தி. 404 எனும் எண், செர்ன் ஆய்வுக் கூடத்தில் அந்த எண்ணுடைய அறையொன்றிலிருந்து வந்தது என்று பலரும் எழுதுவார்கள், பகிர்வார்கள். பெர்னர்ஸ் லீயுடன் தொடக்கம் முதல் பணியாற்றிய ராபர்ட் கையோ இது வெறும் கட்டுக்கதை என்று மறுத்துவிட்டார். அறிவிப்பவர் யார் என்று ஆராயாமல் செய்தியை ஏற்கலாகாது என்பதற்கு இஃதொரு சிறு சான்று.

முதல் இலக்கத்தைப் பாருங்கள்

வாசகர்களே, அறுபதுக்கும் மேற்பட்ட எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் இலக்கத்தை அறிந்தால் முக்கால் பங்கு விளங்கிவிடும். மொத்தம் ஐந்து வகைகள்.

1-இல் தொடங்குவது, கேட்டுக்கொண்டிருக்கிறேன், தொடர்ந்து அனுப்பு என்பது. இது இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்வது. நம் கண்ணில் படாது.

2-இல் தொடங்குவது வெற்றி. 200 என்றால் கேட்டது கிடைத்தது. நீங்கள் நன்றாகக் காணும் ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் இந்த 200 இருக்கிறது. நலமாக இருப்பவர் நலத்தை அறிவித்துக்கொண்டிராததைப் போல, அது திரையில் தோன்றுவதில்லை.

3-இல் தொடங்குவது, இடம் மாறிவிட்டது என்பது. 301 என்றால் நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டது. 302 என்றால் தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறது. உலாவி தானே புதிய முகவரிக்குச் சென்றுவிடும்.

4-இல் தொடங்குவது, கேட்ட பக்கத்தில் குறை என்பது. அதாவது நம்மிடம் ஏதோ திருத்த வேண்டியிருக்கிறது.

5-இல் தொடங்குவது, கொடுக்கும் பக்கத்தில் குறை என்பது. நாம் சரியாகவே கேட்டோம். சேவையகத்தால் இப்போது நிறைவேற்ற இயலவில்லை.

இந்த 4-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நாடி. நான்கு என்றால் நம் விண்ணப்பத்தைத் திருத்து. ஐந்து என்றால் பொறுத்திரு. திருத்த வேண்டிய இடத்தில் நான் பொறுக்கச் சொன்னேன். ஒரு பிள்ளையின் ஓராண்டு போயிற்று.

நான்கின் பிள்ளைகள்

400 என்றால் நாம் அனுப்பியது புரியும்படி இல்லை. 404 என்றால் அந்த முகவரியில் பக்கம் இல்லை. ஓர் எழுத்துப் பிழை இருக்கலாம்; அல்லது தளத்தார் அந்தப் பக்கத்தை நீக்கியிருக்கலாம். 2000-ஆம் ஆண்டு வாக்கில், கோவையில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து அமர்ந்து, இந்த 404-ஐ நான் முதன்முதலில் கண்டபோது, கணினியையே கெடுத்துவிட்டேனோ என்று அஞ்சி எழுந்துவந்தது நினைவிருக்கிறது. ஒரு முகவரியைத் தவறாகத் தட்டியிருந்தேன், அவ்வளவே.

401-க்கும் 403-க்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. 401 என்பது, நீ யாரென்று முதலில் நிரூபி என்பது. மீண்டும் உள்நுழைந்தால் சரியாகலாம். 403 என்பது, அனுமதி தர இயலாது என்பது. ரேஷன் கடையில் அட்டை கொண்டுவராதவரைத் திருப்பி அனுப்புவது ஒன்று. அட்டை இருந்தும் அந்தப் பொருளுக்குத் தகுதியில்லாத அட்டை என்று திருப்பி அனுப்புவது வேறு. முன்னவர் வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்துவந்தால் போதும். பின்னவர் எத்தனை முறை வந்தாலும் பயனில்லை, அலுவலகத்தில் முறையிட வேண்டும்.

413 பற்றி முன்பே சொன்னேன். உலகெங்கும் பெரிதும் பயன்படும் என்ஜின்எக்ஸ் எனும் சேவையக மென்பொருள், நிர்வகிப்பவர் மாற்றி அமைக்காவிட்டால், 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டதை ஏற்காமல் 413 என்று திருப்பிவிடும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே சான்றிதழ்களை இணைக்குமுன் படிவத்தில் குறித்துள்ள அளவைப் பாருங்கள்.

429 என்றால் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்பது. 2012-இல் சேர்க்கப்பட்ட எண் இது. பதற்றத்தில் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவோருக்குக் கிடைக்கும் பதில்.

451 என்ற எண்ணும் உண்டு. சட்டக் காரணத்தால் இப்பக்கத்தைக் காட்ட இயலாது என்பது அதன் பொருள். நூல்களைத் தீக்கிரையாக்கும் ஓர் அரசைப் பற்றி ரே பிராட்பரி 1953-இல் எழுதிய ‘ஃபாரன்ஹீட் 451’ எனும் புதினத்தை நினைவூட்டும் வகையில் இந்த எண்ணைத் தேர்ந்து, 2016 பிப்ரவரியில் முறைப்படுத்தினர். பக்கம் இல்லை என்று பொய்யுரைப்பதைவிட, இருக்கிறது, ஆனால் தடுக்கப்பட்டுள்ளது என்று மெய்யுரைப்பது மேல் என்பதே அதன் நோக்கம்.

ஐந்தின் பிள்ளைகள்

500 என்றால் சேவையகத்தின் உள்ளே ஏதோ பழுது. 502 என்றால் இடையில் நிற்கும் கணினிக்குப் பின்னாலிருக்கும் கணினியிடமிருந்து சரியான பதில் வரவில்லை. 503 என்றால் கூட்டம் மிகுதி, அல்லது பராமரிப்புப் பணி, பிறகு வருக. எத்தனை நேரம் கழித்து வரலாம் என்பதையும் இப்பதிலுடன் சேர்த்தனுப்ப நெறிமுறையில் இடமுண்டு. 504 என்றால் இடையில் நிற்பவர் காத்திருந்து காத்திருந்து, உரிய நேரத்தில் பதில் கிடைக்காமல் போய்விட்டது.

கூட்டம் மிகுந்தால் என்னாகும் என்பதை நாடே ஒருமுறை கண்டது. 2021 ஏப்ரல் 28 அன்று மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியோர் கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்ய கோவின் தளம் திறந்தது. திறந்தவுடன் பலருக்குத் தளம் தடுமாறியது; கடவு எண் வரவில்லை; தளம் விழுந்துவிட்டது என்று எங்கும் பேச்சாயிற்று. ஆயினும் அன்றே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துவிட்டனர். முதல் நிமிடத்தில் தடைபட்டவர்களுக்கு வாயில் அடைபட்டுவிடவில்லை. நெரிசல் குறைய வேண்டியிருந்தது.

504 விஷயத்தில் மட்டும் மிக்க எச்சரிக்கை தேவை. கட்டணம் செலுத்தும்போது இது வந்தால், பணம் போகவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். பதில் வரவில்லை என்பதே அதன் பொருள். வேலை நடக்கவில்லை என்பதன்று. உடனே மறுபடி செலுத்தினால் இருமுறை பணம் போய்விடக்கூடும். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். யு.பி.ஐ. வழியாகக் கடைக்கோ நிறுவனத்திற்கோ செலுத்திய தொகை உங்கள் கணக்கில் கழிந்து, அங்கே உறுதியாகாமல் போனால், பரிவர்த்தனை நாளையடுத்து 5 நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். இது 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணை.

ஒரு தாயின் கண்ணீர்

இவ்வாண்டு கரும்புக்கடையிலிருந்து ஒரு தாய் மகளுடன் இஷாவுக்குப் பின் என் வீட்டுக்கு வந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“ஹஜ்ரத், புள்ளையோட மனுவ வேண்டாம்னு தள்ளிட்டாங்களாங்க. நாளைக்குத்தாங்க கடைசி நாள். அவங்க அத்தாகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியலீங்க.”

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். திரையில் 503. இம்முறை எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தது.

“அம்மா, யாரும் தள்ளவில்லை. மனு இன்னும் உள்ளேயே போகவில்லை. அங்கே கூட்டம். இது அவர்களுடைய குறை; உங்கள் மகளுடைய குறை அன்று. இப்போது உறங்குங்கள். ஃபஜ்ருக்குப் பின் முயலுங்கள்” என்றேன். படங்களின் அளவையும் சரிபார்த்துக் குறைத்துக் கொடுத்தோம்.

மறுநாள் காலை, சூரியன் எழுமுன்பே அந்தப் பெண் ஒப்புகை எண்ணுடன் வந்து நின்றாள். அல்ஹம்துலில்லாஹ்!

அந்த இரவு முழுவதும் அத்தாய், தம் மகள் தகுதியற்றவள் என்று யாரோ தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நம்பியிருக்கக்கூடும். ஓர் இயந்திரத்தின் நெரிசலை ஏழை ஒருவர் தம் மீதான மறுப்பாக எடுத்துக்கொள்கிறார். ஆண்டாண்டாக மறுப்புகளையே கேட்டுப் பழகிய செவிக்கு எல்லாப் பதிலும் மறுப்பாகவே கேட்கிறது. எண்ணைப் படிக்கக் கற்பது இதனால்தான் சிறு விஷயமன்று.

நினைவில் நிறுத்த வேண்டியவை

எண் தோன்றியவுடன், நேரத்துடன் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முறையிட நேர்ந்தால் அதுவே சாட்சி.

4-இல் தொடங்கினால் முகவரி, கடவுச்சொல், கோப்பின் அளவு ஆகியவற்றைச் சரிபாருங்கள். 5-இல் தொடங்கினால் சற்றுப் பொறுத்து, கூட்டமில்லா நேரத்தில் முயலுங்கள். கடைசி நாள்வரை எந்த விண்ணப்பத்தையும் தள்ளிப்போடாதீர்கள். பொறுத்திருக்க வேண்டியவருக்கு நாள் மிச்சமிருக்க வேண்டும் அன்றோ?

எண்ணே இல்லாமல், தளத்தை அடைய முடியவில்லை என்று மட்டும் வந்தால், சேவையகம் பதில் சொல்லவே இல்லை என்று பொருள். உங்கள் இணைய இணைப்பையோ முகவரியையோ முதலில் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. இந்த எண்களைச் சொல்வது சேவையகமே; அதைச் சரியாக அமைக்காதவர்களும் உண்டு. உள்ளே பிழையை வைத்துக்கொண்டு வெளியே 200 என்று சொல்லும் தளங்கள் இருக்கின்றன. மேலும் 202 என்றோர் எண் உண்டு: பெற்றுக்கொண்டோம், ஆனால் வேலை இன்னும் முடியவில்லை என்பது அதன் பொருள். ஆகவே பக்கம் நன்றாகத் தெரிகிறது என்பதை வைத்து விண்ணப்பம் சேர்ந்துவிட்டதென நம்பிவிடாதீர்கள். ஒப்புகை எண் கைக்கு வந்த பின்னரே நிம்மதி கொள்ளுங்கள்.

வகுப்பில் பெயர் அழைக்கும்போது ‘ஹாஜிர்’ என்று பதில் வராவிட்டால் ஆசிரியர் நிமிர்ந்து பார்ப்பார். கேட்டவருக்குப் பதில் சொல்வது கடமை என்பதை இந்த நெறிமுறையை வகுத்தவர்களும் உணர்ந்திருந்தனர். அதனினும் என் உள்ளத்தைத் தொட்டது, குறை யாருடையது என்பதை முதல் இலக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் விதித்ததே. ஓர் இயந்திரம், “தவறு என்னுடையது” என்று சொல்லக் கற்றிருக்கிறது. நானும் இன்று உங்கள் முன் அதையே சொல்லியிருக்கிறேன்.

திருப்பூருக்குச் சென்ற அந்தப் பிள்ளை இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறான். இம்முறை நானும் அருகில் அமர்ந்திருந்தேன். அவனுக்காக துஆ செய்யுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.